ஏபிகே கோப்பு மோசடி: மொபைலில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு அப்பாவின் வாட்ஸ்ஆப்பில் சித்தப்பா மகனின் எண்ணிலிருந்து ஒரு கோப்பு வந்தது. ‘ஆர்டிஓ சலான்’ என்று பெயர். வண்டிக்கு ஏதோ அபராதம் போலிருக்கிறது என்று அப்பா அதைத் தொட்டார். போன் இரண்டு தடவை எச்சரித்தது. இரண்டு தடவையும் ‘அனுமதி’ கொடுத்தார். திரையில் வந்த பக்கம் ஒரு ரூபாய் கட்டச் சொன்னது; டெபிட் கார்டு எண்ணையும் பின் நம்பரையும் போட்டார். பத்து மணிக்குள் இரண்டு தவணையாக 54,000 ரூபாய் போனது. “ராத்திரியில யாரைக் கூப்பிடறது, காலையில பேங்க் திறக்கட்டும்” என்றார். நள்ளிரவுக்குப் பிறகு இன்னொரு 38,000 போனது.

அந்த மூன்றாவது தொகையை நாங்கள் தடுத்திருக்கலாம். எந்த எண்ணைக் கூப்பிடுவது, போனை என்ன செய்வது, எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்று ஒன்றும் தெரியாமல் அடுத்த ஐந்து மாதம் அலைந்தோம். அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். இது இந்தியாவில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கானது. அப்பா தொட்டது ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு. அது ஐபோனில் ஓடாது. ஆனால் திரையைப் பகிரச் சொல்லும் மோசடியும் போலி லிங்க்கும் அங்கேயும் உண்டு. 3ஆம் படியிலிருந்து பெரும்பாலானவை ஐபோன்காரர்களுக்கும் பொருந்தும்.

1. முதலில் ஐந்து அனுமதிகளைப் பாருங்கள் (அரை மணி நேரம், செலவில்லை)

திருடன் வங்கிச் செயலியை உடைத்துக்கொண்டு உள்ளே வருவதில்லை. நாம் நிறுவும் இன்னொரு செயலிக்கு நாமே கொடுக்கும் அனுமதி வழியாக வருகிறான். போனுக்குப் போன் மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் இந்தப் பெயர்களைத் தட்டினால் வந்துவிடும்.

‘இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்’: பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவும் உரிமை. ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த உரிமை செயலிவாரியாகத் தனித்தனியே இருக்கிறது. வாட்ஸ்ஆப், குரோம், டெலிகிராம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் ‘அனுமதி இல்லை’ என்று இருக்க வேண்டும். அப்பா போனில் வாட்ஸ்ஆப்புக்குத் திறந்தே கிடந்தது. எப்போதோ யாரோ ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

‘அக்சஸிபிலிட்டி’: மாற்றுத் திறனாளிகளுக்காக வைத்த வசதி. இது கையில் கிடைத்த செயலியால் திரையில் உள்ளதைப் படிக்க முடியும், நமக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தவும் முடியும். நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டதைத் தவிர எதுவும் அங்கே இயங்கக் கூடாது. ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து வந்த செயலி இதைக் கேட்டால் போன் பொதுவாக மறுத்துவிடும். அதனால் மோசடிக்காரர்கள் போனில் பேசிக்கொண்டே, “மேலே மூணு புள்ளி இருக்கும் பாருங்க, அதுல ‘ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்’னு வரும், அலவ் கொடுங்க” என்று சொல்லிக்கொடுப்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் இணைப்பைத் துண்டியுங்கள்.

‘பெர்மிஷன் மேனேஜர்’ உள்ளே ‘எஸ்எம்எஸ்’: ஓடிபியைப் படிக்கத் திருடனுக்கு இது போதும். இன்னொன்றும் உண்டு. யுபிஐ பதிவின்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போகிறதே, அதுதான் சிம் உங்களிடம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம். எஸ்எம்எஸ் அனுப்பும் உரிமை உள்ள திருட்டுச் செயலி அந்த எஸ்எம்எஸ்ஸையும் உங்களுக்குத் தெரியாமல் அனுப்பிவிடும். அப்புறம் உங்கள் கணக்கு வேறொருவன் போனில் பதிவாகிவிடும். வங்கி, யுபிஐ செயலிகளும் போனோடு வந்த மெசேஜ் செயலியும் தவிர மற்றவற்றுக்கு இந்த உரிமையை எடுத்துவிடுங்கள்.

‘நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்’, ‘டிஸ்பிளே ஓவர் அதர் ஆப்ஸ்’: முதலாவது, மேலே வந்து போகும் அறிவிப்புகளைப் படிக்க. இரண்டாவது, வங்கிச் செயலியின் மேல் அதே மாதிரி ஒரு போலித் திரையை விரிக்க. தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள்.

2. பிளே புரொடெக்ட்டை யார் சொன்னாலும் அணைக்காதீர்கள்

பிளே ஸ்டோரில் வலப்பக்கம் மேலே உங்கள் படத்தைத் தொட்டால் பிளே புரொடெக்ட் (தீங்கான செயலிகளைக் கண்டுபிடிக்கும் கூகுளின் வசதி) வரும். அதன் செட்டிங்ஸில் உள்ள இரண்டு பட்டன்களும் இயங்க வேண்டும். “எங்க ஆப் புதுசு, அதான் எச்சரிக்கை காட்டுது, அணைச்சுட்டுப் போடுங்க” என்று சொல்லும் வங்கியோ அரசு அலுவலகமோ இந்த நாட்டில் இல்லை.

அரசு தரும் கருவி வேண்டும் என்றால் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய எம்-கவச் 2 என்ற பாதுகாப்புச் செயலி இருக்கிறது, இலவசம். அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா இணையதளத்தில் இதைப் பற்றிய விவரம் கிடைக்கும். அதையும் பிளே ஸ்டோரில் போய்த்தான் எடுக்க வேண்டும். ‘வைரஸ் நீக்கி’ என்று யாராவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

3. பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள் (ஒரு நாள் வேலை)

ஓய்வூதியமோ சம்பளமோ விழும் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள். அன்றாடச் செலவுக்கு இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதை மட்டும் இணையுங்கள். ஆதார், பான், ஒரு புகைப்படம் இருந்தால் பொதுவாகப் போதும். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. ஆனால் அதே வங்கியில் உங்களுக்கு ஏற்கெனவே வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் அதைத் தரமாட்டார்கள்.

அடுத்து வங்கிச் செயலியில் நாள் வரம்பைக் குறையுங்கள். டெபிட் கார்டில் ஆன்லைன் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு இரண்டையும் அணைத்துவிட்டுத் தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம்.

பலரும் விட்டுவிடுவது நிரந்தர வைப்பு. செயலி வழியாக வைப்பை உடைக்க முடியுமா, வைப்பின் மேல் கடன் எடுக்க முடியுமா, ‘முன் அனுமதிக்கப்பட்ட கடன்’ ஏதாவது காத்திருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் இந்த வழிகளில் பணத்தை உண்டாக்கி எடுத்துப்போக முடியும். ஆன்லைனில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்திவைக்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

4. ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள்

போன் பழுதானாலோ பறிபோனாலோ அதற்குள் இருக்கும் எண்கள் உதவாது. தாளில் இருக்க வேண்டியவை: வங்கியின் 24 மணி நேர எண் (கார்டின் பின்பக்கம் இருப்பது), கணக்கு எண், கிளையின் பெயர், கார்டின் கடைசி நான்கு இலக்கம், 1930 (இணையப் பண மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண்). பின் நம்பர் மட்டும் அதில் இருக்கக் கூடாது.

வங்கி எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். பதற்றத்தில் நான் அதைத்தான் செய்தேன். முதலில் வந்த எண்ணை எடுத்தவர் மிக மரியாதையாகப் பேசி, ‘பணம் திரும்ப வர’ ஒரு செயலியை நிறுவச் சொன்னார். ஒரு நாளைக்குள் இரண்டாவது திருடன். வங்கி இணையதளத்துக்குப் போவதானால் முகவரி ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் இந்த முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது.

5. கோப்போ லிங்க்கோ வந்தால்

கோப்பின் பெயர் என்னவாக இருந்தாலும் அதன் கடைசி மூன்று எழுத்துகளைப் பாருங்கள். ஏ, பி, கே என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது செயலி. கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், செயலியாக வராது. கேஒய்சி, பிஎம் கிசான் தவணை, மின் இணைப்புத் துண்டிப்பு, கேஸ் பில் எல்லாம் இந்த வேஷத்தில் வருகின்றன.

தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததே என்று நம்பாதீர்கள். சித்தப்பா மகன் அந்தக் கோப்பை அனுப்பவே இல்லை. அவன் போனில் புகுந்த செயலி அவனுடைய வாட்ஸ்ஆப்பைக் கைப்பற்றி, தொடர்பில் இருந்த எல்லோருக்கும் அனுப்பியிருந்தது. சந்தேகம் வந்தால் வாட்ஸ்ஆப்பில் கேட்காதீர்கள், சாதாரண அழைப்பில் கேளுங்கள்.

அபராதம் உண்மையா என்று பார்க்க ‘இசலான் டாட் பரிவாகன் டாட் கவ் டாட் இன்’ (echallan.parivahan.gov.in) தளத்தில் வண்டி எண்ணையும், சேஸிஸ் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் போட்டுப் பாருங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க், டீம்வியூவர் (நம் போனை வேறொருவர் தூரத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும் விடும் செயலிகள்) போடச் சொன்னாலும், வாட்ஸ்ஆப் வீடியோ அழைப்பில் திரையைப் பகிரச் சொன்னாலும் பதிலே சொல்லாமல் வையுங்கள். ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பற்றி 2019லேயே வங்கிகளை எச்சரித்தது.

6. நிறுவிவிட்டீர்களா? முதல் பத்து நிமிடம்

பணம் இன்னும் போகவில்லை என்றாலும் இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில் ஏரோபிளேன் மோட். அதைப் போட்ட பிறகும் சில போன்களில் வைஃபை விடாமல் ஓடும். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். டேட்டாவை மட்டும் அணைப்பது போதாது, ஓடிபியை எஸ்எம்எஸ்ஸாகவே கடத்திவிட முடியும்.

அடுத்து, வேறொரு போனால் இந்தப் போனின் திரையைப் படம் எடுங்கள்: வந்த செய்தி, அனுப்பிய எண், கோப்பின் பெயர், வந்த நேரம், வங்கி எஸ்எம்எஸ்கள். எதையும் அழிக்காதீர்கள். பயத்தில் போனை ரீசெட் செய்துவிட்டு, பிறகு ஆதாரத்துக்கு அலைபவர்களைச் சைபர் கிரைம் நிலையத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

பிறகு சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுங்கள். இனி ஓடிபியும் வங்கிச் செய்தியும் அங்கே வரும். திருட்டுச் செயலிக்கு எட்டாது. அதே பட்டன் போனில் ‘ஷார்ப் ஷார்ப் 002 ஷார்ப்’ (##002#) போட்டு அழைத்தால் கால் ஃபார்வர்டிங் (உங்கள் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுவது) எல்லாம் ரத்தாகும். இ-சிம் (கழற்ற முடியாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) என்றால் சிம் நிறுவனத்தை வேறு போனிலிருந்து கூப்பிட்டு, சிம்மைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லுங்கள்.

பாதித்த போனிலிருந்து வங்கியைக் கூப்பிடாதீர்கள். நீங்கள் போடும் வங்கி எண்ணை மோசடிக்காரருக்கே திருப்பிவிடும் செயலிகளும் உண்டு.

7. வங்கி, உடனே 1930 (இரவானாலும்)

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வங்கியையும் மற்றவர் 1930ஐயும் ஒரே நேரத்தில் அழையுங்கள். கட்டணம் இல்லை.

வங்கியிடம் ‘கார்டை பிளாக் பண்ணுங்க’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் காலையில் அப்படித்தான் நிறுத்தினோம். யுபிஐ மதியம் வரை திறந்தே இருந்தது. கேட்க வேண்டியவை நான்கு: கார்டு முடக்கம், நெட் மற்றும் மொபைல் பேங்கிங் முடக்கம், யுபிஐ முடக்கம், கணக்குக்கு ‘டெபிட் ஃப்ரீஸ்’. டெபிட் ஃப்ரீஸ் போட்டால் பணம் உள்ளே வரும், வெளியே போகாது. பேசி முடிப்பதற்கு முன் புகார் எண்ணையும் நேரத்தையும் வாங்கி எழுதுங்கள்.

1930இல் கேட்பது: பெயர், மொபைல் எண், வங்கி, கணக்கு எண், ஒவ்வொரு பரிமாற்றத்தின் தொகை, தேதி, நேரம், 12 இலக்கப் பரிமாற்ற எண். இந்த எண் வங்கி எஸ்எம்எஸ்ஸிலோ ஸ்டேட்மென்ட்டிலோ யுடிஆர் அல்லது ஆர்ஆர்என் என்ற பெயரில் இருக்கும். அவர்கள் பணம் போன வங்கிக்கு உடனே தகவல் கொடுத்து, எடுக்கப்படாமல் மிச்சமிருக்கும் தொகையை நிறுத்திவைப்பார்கள். பணம் சில நிமிடங்களில் நான்கைந்து கணக்குக்குத் தாவும், பிறகு ஏடிஎம்மில் எடுக்கப்படும். நேரம் முக்கியம் என்று எல்லோரும் சொல்வது இதற்காகத்தான். இணைப்பு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்தில் நேரடியாகப் பதியுங்கள்.

1930இல் சொன்னதும் எஸ்எம்எஸ்ஸில் ஒப்புகை எண் வரும். அதோடு வேலை முடியவில்லை. 24 மணி நேரத்துக்குள் அந்த எண்ணை வைத்து அதே தளத்தில் முழுப் புகாரையும் ஆவணங்களையும் ஏற்ற வேண்டும்.

8. மறுநாள் காலை கிளையில் எழுத்துப்பூர்வமாக

தொலைபேசியில் சொன்னது போதும் என்று கிளையில் சொல்வார்கள். போதாது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் நேரமும் வாங்குங்கள். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

ஏன் என்றால், 2017 ஜூலை 6இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளர் எப்போது தெரிவித்தார் என்பதை வைத்துத்தான் பொறுப்பைப் பிரிக்கிறது. வங்கியின் தவறு என்றால் நமக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் நாமும் காரணமில்லாமல் வெளியே எங்கோ ஏற்பட்ட ஓட்டை என்றால், வங்கித் தகவல் கிடைத்து 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் பொறுப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் தெரிவித்தால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உச்சபட்சம் 10,000 ரூபாய், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000. ஆனால் நாமே பின் நம்பர், ஓடிபி கொடுத்திருந்தால் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட நஷ்டம் நம்முடையது. தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியுடையது.

அப்பாவின் விஷயத்தில் வங்கி இந்தக் கடைசி விதியைத்தான் காட்டியது. இரவு பத்தே காலுக்கு ஒரே ஓர் அழைப்பு செய்திருந்தால் அந்த 38,000 வங்கியின் பொறுப்பாகியிருக்கும்.

கடிதத்தில் நடந்ததை உள்ளபடி எழுதுங்கள். ஏபிகே நிறுவியதை மறைத்தால் பிறகு போலீஸ் அறிக்கையோடு மோதும். ‘என் சம்மதமில்லாத பரிமாற்றம்’ என்ற சொற்கள் இருக்கட்டும். வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. தெரிவித்த 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. இதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

அங்கேயே இருக்கும்போது புதிதாக யாராவது பயனாளியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா, யுபிஐ ஆட்டோபே (தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) ஏதாவது பதிவாகியிருக்கிறதா, உங்கள் பெயரில் கடன் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

9. சைபர் கிரைம் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை

தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. எடுத்துப் போங்கள்: 1930 ஒப்புகை எண், தளத்தில் பதிந்த புகாரின் அச்சு, சம்பவத்துக்கு முன்பின் ஒரு மாத ஸ்டேட்மென்ட் (கிளை முத்திரையோடு), பாஸ்புக் முதல் பக்க நகல், ஆதார் நகல், நீங்கள் எடுத்த படங்களின் அச்சு, வங்கி முத்திரையிட்ட கடிதத்தின் நகல். எல்லாவற்றிலும் மூன்று பிரதி. நாங்கள் ஒரு பிரதியோடு போய், நகல் எடுக்க இரண்டு தடவை வெளியே ஓடினோம். போனையும் எடுத்துப் போங்கள், அணைத்தபடியே.

முதலில் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) தருவார்கள்; எஃப்ஐஆர் போட்டால் அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், அது சட்டம். அங்கே ஒரு பைசா கட்டணமும் கிடையாது. எங்களுக்கு ஆனது பேருந்துக்கும் நகலுக்கும் புதுக் கார்டுக்கும்தான்.

ஒப்புகை எண் கிடைத்த சில நாட்களில் “பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று அழைப்பு வரலாம். எங்களுக்கு வந்தது. காவல்துறை பெயரையே சொன்னார்கள். அழைத்த எண்ணைக் குறித்துக்கொண்டு, விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில், சந்தேக அழைப்புகளைப் புகார் செய்யும் ‘சக்ஷு’ பகுதியிலும் பதியலாம். அங்கேயே உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

10. போனைச் சுத்தம் செய்வது

போலீஸ் சரி என்று சொன்ன பிறகு செய்யுங்கள். திருட்டுச் செயலிகள் ஐகானை மறைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ முழுப் பட்டியலில் பெயரில்லாமலோ வேறு செயலியின் பெயரிலோ உட்கார்ந்திருக்கும். நீக்கும் பட்டன் வேலை செய்யாவிட்டால் ‘டிவைஸ் அட்மின் ஆப்ஸ்’ பட்டியலில் அதன் டிக்கை எடுத்துவிட்டு நீக்க வேண்டும். ஆனால் வங்கி வேலைக்குப் பயன்படுத்தும் போன் என்றால் நீக்குவதோடு நிற்காதீர்கள், ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். படங்களை மட்டும் முன்பே கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ரீசெட்டுக்குப் பிறகு பழைய கோப்புகளை அப்படியே திரும்ப ஏற்றாதீர்கள். அந்த ஏபிகே ‘டவுன்லோட்ஸ்’ உறையிலோ வாட்ஸ்ஆப் டாக்குமென்ட்ஸ் உறையிலோ அதோடு திரும்பி வந்து உட்காரும்.

கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். முதலில் ஜிமெயில், அதன் பிறகு நெட் பேங்கிங், புதுக் கார்டு வந்தபின் யுபிஐ பின். பழைய கார்டை வைத்து யுபிஐ பின்னை மாற்றிப் பயனில்லை. கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் திருடனிடம் இருந்தால் அவனும் மாற்றப் பார்ப்பான். வாட்ஸ்ஆப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ எல்லாவற்றையும் வெளியேற்றி, இரண்டு-படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். தொடர்பில் உள்ளவர்களுக்கு “என் எண்ணிலிருந்து வந்த கோப்பைத் திறக்காதீர்கள்” என்று எஸ்எம்எஸ்ஸில் சொல்லுங்கள். எங்கள் அத்தை அப்படித்தான் தப்பித்தார்.

11. காத்திருக்கும் காலம்

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ தந்த பதில் சரியில்லை என்றாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். ‘சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்’ தளம், உதவிக்கு 14448. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் கொடுத்ததற்கான ஆதாரத்தைக் கேட்பார்கள். 8ஆம் படியில் வாங்கிய முத்திரைப் பிரதியை ஏற்றுங்கள். தள்ளிப்போடாதீர்கள், காலக்கெடு உண்டு.

1930 வழியாக நிறுத்திவைத்த தொகை தானாக வராது. எங்களுக்கு நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது; இப்போது உங்களுக்கும் வேண்டுமா என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 503ஆம் பிரிவின் கீழ் மனு. எந்த வங்கியில், எந்தக் கணக்கில், எவ்வளவு நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற விவரத்தை விசாரணை அதிகாரியிடம் எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் மனு நகராது. அப்பாவுக்கு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது 31,000. புகார் கொடுத்து நான்கரை மாதம் கழித்து உத்தரவு வந்தது. அதன் சான்றிட்ட நகலை வங்கியில் கொடுத்த பதினோராவது நாள் பணம் கணக்கில் ஏறியது.